ஒரே ஒடிப்பில் திரும்பிய கார்

திருப்பு வட்டம் என்பது ஒரு வண்டி முழுதாகத் திரும்பி வரத் தேவைப்படும் தரையின் அளவு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை ஒடித்து மெதுவாக ஓட்டினால், வெளிப்புற முன் சக்கரம் தரையில் ஒரு வட்டம் வரையும். அந்த வட்டத்தின் விட்டமே திருப்பு வட்டம். அதில் பாதி திருப்பு ஆரம். பிரிட்டிஷ் கார்களின் குறிப்பேடுகள் விட்டத்தை அடிக்கணக்கில் சொல்லிவந்தன. இந்திய நிறுவனங்கள் ஆரத்தை மீட்டரில் சொல்கின்றன. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கார் இருமடங்கு சுருக்கமாகவோ இருமடங்கு அகலமாகவோ திரும்புவதாகத் தோன்றும். அளப்பதிலும் இரண்டு முறைகள் உண்டு. சக்கரத்தின் தடத்தை மட்டும் அளப்பது ஒன்று. அதைவிட வெளியே நீண்டு சுற்றும் பம்பர் நுனியை அளப்பது மற்றொன்று. நடைபாதை விளிம்புக்குள் திரும்ப முதல் அளவு போதும். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் இரண்டாவது அளவுதான் கணக்கு.

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்குப் போகும் சாலை, இந்தத் திருப்பத்தின் வரலாற்றை வரிசையாகக் காட்டும் சாலை. அதன் மேற்குக் கோடிக்கு அப்பால் காஞ்சிபுரத்தின் தேர் வீதிகள் இருக்கின்றன. கிழக்குக் கோடியில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பகுதியில், இந்தியாவிலேயே மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பிய கார்களுள் ஒன்று ஒரு காலத்தில் தயாரானது. நடுவே படப்பையைத் தாண்டியதும் வரும் ஒரகடத்தில், நான்கு சக்கரங்களையும் திருப்பும் நுட்பத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனங்கள் தொழிற்சாலை அமைத்தன.

முட்டுக்கட்டையும் கட்டைவண்டியும்

நான்கு சக்கரங்கள் இருந்தும் ஸ்டீயரிங் இல்லாத வண்டி கோயில் தேர். அதன் அச்சுகள் அடிச்சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. வடம் பிடித்து இழுத்தால் நேரே போகும், தானாகத் திரும்பாது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தில் தேர் ராஜவீதிகளைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு மூலையிலும் அதைச் செங்குத்தாகத் திருப்பியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டையை ஒரு பக்கச் சக்கரத்தின் முன் சரிவாகப் போட்டால், அந்தச் சக்கரம் தயங்கி நிற்கும். மறுபக்கச் சக்கரம் முன்னேறும். தேர் தயங்கிய பக்கம் சற்றே முகம் திருப்பும். கட்டையை இழுத்து மறுபடி போட்டு, மறுபடி இழுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பம் நடக்கும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டுமே பொருள். தேர் வீதியில் அதுதான் பிரேக், அதுவேதான் ஸ்டீயரிங்.

தேர் பெரிதாகப் பெரிதாக இந்த முறை போதாமல் போகும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது. அங்கே வீதி மூலைகளில் சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, அவற்றின்மேல் கிரீஸ் தடவி, சக்கரங்களைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுத் தேரைத் திருப்புகிறார்கள். உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர வேண்டுமானால் தரையோடு உராய்ந்தே தீர வேண்டும்; அந்த உராய்வைக் குறைப்பதே தகட்டின் வேலை. நீண்ட காலம் ஓடாமல் நின்ற இந்தத் தேர் 1970-இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, திருச்சி பெல் நிறுவனம் உருவாக்கிய ஹைட்ராலிக் பிரேக் அதற்குப் பொருத்தப்பட்டது. பிரேக் நவீனமானது; திருப்பும் முறை பழையதாகவே நீடித்தது.

கட்டைவண்டிக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்பக்க மாட்டை இழுத்துப் பிடித்து வெளிப்பக்க மாட்டை ஓட்டினால், உள்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல, வெளிச்சக்கரம் அதைச் சுற்றி வரும். வண்டி அனேகமாகத் தன் அகலத்தை ஆரமாகக் கொண்டே திரும்பிவிடும். மாடுகள் நடக்கத்தான் கூடுதல் இடம் வேண்டும். கிராமத் தெருக்கள் குறுகலாக அமைந்ததற்கு இந்த வசதியும் துணைநின்றது. சென்னைத் தெருக்களில் ஓடிய ஜட்கா வண்டியும் இரண்டு சக்கர இனமே. பின்னால் அந்தத் தெருக்களில் நான்கு சக்கர மோட்டார் நுழைந்தபோது, மாட்டுவண்டிக்காக அமைந்த மூலைகளில் அது முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. ‘வண்டியை ஒடித்துத் திருப்பு’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் சொல்லில் அந்த இடநெருக்கடி இன்றும் கேட்கிறது.

மியூனிக் பட்டறையும் லண்டன் காப்புரிமையும்

நான்கு சக்கரக் குதிரைவண்டிகளில் முன் அச்சு முழுவதும் ஒரு வட்டத் தகட்டின்மேல் நடுமுளையைச் சுற்றித் திரும்பியது. அச்சு திரும்பும்போது முன் சக்கரங்கள் வண்டியின் அடியில் நுழைய வேண்டும். அதனால் அவை சிறியனவாகச் செய்யப்பட்டன. அல்லது வண்டியின் உடல் உயர்த்தப்பட்டது. அச்சு ஒரேயடியாகத் திரும்பிவிட்டால் வண்டியைத் தாங்கும் புள்ளிகள் நெருங்கிவந்து, கவிழும் ஆபத்தும் இருந்தது. சென்னையில் 1840 முதல் இயங்கிவரும் சிம்ப்சன் நிறுவனம் இத்தகைய கோச்சுகளைக் கட்டிப் பெயர்பெற்றது. அதே நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே எனக் கூறப்படுகிறது.

முன் அச்சு அசையாமலிருக்க, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் மட்டும் தனித்தனி முளைகளில் திரும்பினால் சிக்கல் தீரும் என்று கண்டவர் மியூனிக்கைச் சேர்ந்த வண்டி கட்டுநர் கேயார்க் லாங்கன்ஸ்பெர்கர். அவருடைய முகவராக லண்டனில் இருந்த பதிப்பாளர் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் அதற்கு அங்கே காப்புரிமை பெற்றார். கண்டவர் பெயர் பின்தங்க, பதிந்தவர் பெயர் நிலைத்தது: அந்த அமைப்பு இன்றும் ஆக்கர்மன் ஸ்டீயரிங் என்றே அறியப்படுகிறது.

இதன் சாரம் எளியது. வளைவில் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதேனும் ஒரு டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். எனவே உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாக ஒடிய வேண்டும். நான்கு சக்கரங்களின் அச்சுக்கோடுகளையும் நீட்டினால் அவை ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். வண்டி அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். பின் சக்கரங்கள் அசையாதவை என்பதால் அந்தப் புள்ளி எப்போதும் பின் அச்சின் நீட்சியிலேயே கிடக்கும்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் காருக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்தால் இரண்டு கோணங்களை ஒத்திசைக்கும் தொல்லை இல்லை. 1893-இல்தான் தனித்தனி முளைகளில் திரும்பும் இரட்டைச் சக்கர அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்று, நான்கு சக்கரக் காருக்கு மாறினார். ஆட்டோ ரிக்‌ஷா அவர் முதலில் எடுத்த வழியிலேயே நின்றுவிட்ட வண்டி. சென்னைத் தெருக்களில் அது சுமார் 3 மீட்டர் ஆரத்துக்குள் சுழன்று திரும்புவதற்கு அந்த ஒற்றை முன்சக்கரமே காரணம்.

வண்டலூரின் ஸ்டாண்டர்ட்

சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையோரம் அதன் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வேன்கார்டு கார்கள் பாகங்களாக இறக்குமதியாகி இங்கே பொருத்தப்பட்டன. பிறகு எய்ட், டென், பெனன்ட் ஆகியவை வந்தன. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் கார் பொருத்தும் தொழிலைக் கைவிட வேண்டும் என்று 1953-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. வண்டலூர் ஆலை நிலைத்தது.

1961-இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. காரை வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. அதன் திருப்பு வட்டம் 25 அடி, அதாவது 7.6 மீட்டர் என்று நிறுவனம் அறிவித்தது. லண்டன் டாக்ஸிகள் 25 அடிக்குள் திரும்ப வேண்டும் என்று 1906 முதல் அங்கே ஒரு விதி உண்டு. அந்த விதிக்காகவே தனியாக வடிவமைக்கப்பட்ட டாக்ஸிகளுக்கு நிகராக ஒரு குடும்பக் கார் திரும்பியது. ஜி.எஸ்.டி. சாலையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு, பின்வாங்காமல், ஒரே ஒடிப்பில்.

இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. 1950-களில் கார் தயாரிப்பாளர்கள் தனிச் சட்டத்தை விட்டு, உடலும் சட்டமும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடல் தகடுகளை அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாததால், ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் பூட்டினார்கள். பழையபாணி என்று கருதப்பட்ட அந்த முடிவு இரண்டு நன்மைகளைத் தந்தது. கார் பாகங்களாகக் கப்பலேறி வெளிநாடுகளில் பொருத்தப்பட ஏற்றதாயிற்று. வண்டலூருக்கு அது வசதி. முன்பக்கம் குறுகலாக அமைந்த சட்டத்தின் இருபுறமும் சக்கரங்கள் உள்ளே நுழைந்து ஒடிய இடம் கிடைத்தது. திருப்பு வட்டத்துக்கு அது வசதி.

முன் சக்கரங்களுக்கு எஞ்சின் விசை போகாததும் துணைசெய்தது. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின் சக்கரங்களை ஓட்டியது. முன் சக்கரங்களின் ஒரே வேலை திரும்புவது. அவற்றை எவ்வளவு ஒடிப்பது என்பதற்கு டயரும் சட்டமும் மட்டுமே எல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தை, அதாவது வீல்பேஸை, திருப்பு ஆரத்தால் வகுத்தால் வெளிச்சக்கரம் ஒடியும் கோணத்தின் சைன் மதிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஹெரால்டின் வீல்பேஸ் 2.32 மீட்டர், ஆரம் 3.8 மீட்டர், கோணம் சுமார் 38 பாகை. அம்பாசடருக்கு வீல்பேஸ் 2.46, ஆரம் 5.4, கோணம் 27 பாகை. 1983-இல் வந்த மாருதி 800-க்கு வீல்பேஸ் 2.18, ஆரம் 4.4, கோணம் 30 பாகைக்கும் சற்றுக் குறைவு. டாடா நானோவுக்கு வீல்பேஸ் 2.23, ஆரம் 4.0; கோணம் 34 பாகை. 2023-இல் வந்த எம்.ஜி. காமெட் மின்காரின் வீல்பேஸ் 2.01 மீட்டர் மட்டுமே. ஆனாலும் அதன் ஆரம் 4.2 மீட்டர். ஹெரால்டைவிடக் குட்டையான மூன்று கார்கள் ஹெரால்டைவிடப் பெரிய வட்டத்தில் திரும்புகின்றன. வண்டியின் நீளத்தைக் காட்டிலும் சக்கரம் ஒடியும் கோணமே திருப்பத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹெரால்டுக்கு வேறு தனித்தன்மைகளும் இருந்தன. அதன் பானெட் மட்காடுகளோடு சேர்த்து முழுதாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சக்கரங்களும் ஸ்டீயரிங் தண்டுகளும் முழுக்க வெளியே தெரியும். மெக்கானிக் முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அந்த நிலையில் யாரேனும் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாக ஒடிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1818-ஆம் ஆண்டின் காப்புரிமைக்கு அதுவே செயல்விளக்கம்.

குறைகளும் இல்லாமலில்லை. கோணம் மிக அதிகமாகும்போது டயர்கள் உருளுவதோடு பக்கவாட்டில் தேயவும் செய்யும். அந்த அளவு ஒடித்து வேகமாகப் போவது கூடாது. பின்பக்க அமைப்பு இன்னும் பெரிய தொல்லை. ஹெரால்டின் பின் அச்சு இரண்டு பாதிகளாக நடுவில் மட்டும் மூட்டுக் கொண்டு ஊசலாடியது. பாரம் ஏறினால் சக்கரங்கள் சாய்ந்து நிற்கும். பாரம் குறைந்து வளைவில் வேகமாகப் போனால் சக்கரம் உட்புறம் மடங்கும் ஆபத்தும் உண்டு. இந்தியப் பட்டறைகளுக்கு அது பழக்கமற்ற அமைப்பாகவும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கஸலில் அது கைவிடப்பட்டு, வழக்கமான ஒற்றைப் பின் அச்சு பொருத்தப்பட்டது. இதற்கிடையே ஹெரால்டுக்கு இந்தியாவிலேயே நான்கு கதவு வகையும் உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுகளோடு நின்றது.

கஸலின் உற்பத்தி 1977-இல் முடிந்தது. வேன்களை மட்டும் தயாரித்துவந்த ஆலை 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலுக்குள் வேன்கார்டு காலத்து வழிவந்த பழைய எஞ்சின். வீல்பேஸ் 2.8 மீட்டரைத் தாண்டியது. விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம். சுறுசுறுப்பாகத் திரும்பும் சிறு கார் என்ற இடத்தை அதற்குள் மாருதி 800 பிடித்துவிட்டது. 1980-களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது.

முன் சக்கர இயக்கம் கொண்ட மாருதியின் வருகை திருப்பத்தில் ஒரு புதிய எல்லையையும் கொண்டுவந்தது. திரும்பும் சக்கரமே காரை இழுக்கவும் வேண்டுமென்றால், விசை கொண்டுவரும் தண்டில் சி.வி. ஜாயின்ட் எனப்படும் மூட்டு தேவை. அந்த மூட்டு குறிப்பிட்ட கோணத்துக்குமேல் மடங்காது. குறுக்குவாக்கில் அமர்ந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் சக்கரங்களுக்கு இடையிலான இடத்தை நிரப்பிவிடுகின்றன. காருக்குள் இடம் கூடியது. சக்கரம் ஒடியும் கோணம் குறைந்தது. முன் சக்கரங்களிடமிருந்து இனிக் கூடுதலாகப் பெற முடியாது என்ற நிலை வந்தபோது, பொறியாளர்களின் கவனம் பின் சக்கரங்கள் பக்கம் போனது.

பின் சக்கரங்களும் திரும்பியபோது

பின் சக்கரத்தைத் திருப்பும் எண்ணம் புதியதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெஃப்ரி நிறுவனம் 1913-இல் உருவாக்கிய ‘குவாட்’ லாரி நான்கு சக்கரங்களாலும் இழுத்து, நான்கு சக்கரங்களாலும் திரும்பியது. முதல் உலகப் போரின் சேற்றுப் பாதைகளில் பெருமளவு பயன்பட்டது. 1930-களில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும் ராணுவத்துக்கான சில வண்டிகளில் இதைச் செய்தது.

இதன் பயன் மீண்டும் அந்தச் சுழல்புள்ளியில்தான் இருக்கிறது. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பினால், சுழல்புள்ளி பின் அச்சின் நீட்சியை விட்டு வண்டியின் நடுப்பகுதியை நோக்கி நகரும். நீளமான வண்டி குட்டை வண்டி போலத் திரும்பும். வீல்பேஸ் 2.8 மீட்டரும் முன் சக்கரக் கோணம் 30 பாகையும் உள்ள காரின் ஆரம் 5.6 மீட்டர். பின் சக்கரங்கள் எதிர்ப்புறம் 10 பாகை திரும்பினால் அது சுமார் 4.3 மீட்டராகக் குறையும். இரண்டு ஜோடிகளும் ஒரே கோணத்தில் எதிரெதிராகத் திரும்பினால் ஆரம் சரிபாதியாகும்.

வேகமாகப் போகும்போது இதுவே ஆபத்து. பின் சக்கரம் எதிர்ப்புறம் திரும்பினால் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும். அதனால் வேகத்தில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் திசையிலேயே மிகச் சிறிதளவு திரும்ப வேண்டும். அப்போது கார் சுழலாமல் பக்கவாட்டில் நகர்ந்து தடம் மாறும். 1985-இல் நிஸான் தன் ஸ்கைலைன் காரில் பொருத்திய ஹைகாஸ் அமைப்பு இந்த உறுதிக்காக மட்டுமே. திருப்பு வட்டத்தைக் குறைப்பது அதன் நோக்கமல்ல. 1987-இல் வந்த ஹோண்டா பிரெலூட் இரண்டையும் சேர்த்தது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பல்சக்கரங்களும் ஒரு நீண்ட தண்டும் மட்டுமே. ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பினால் பின் சக்கரங்கள் அதே திசையில் 1.5 பாகை திரும்பும். மேலும் திருப்பினால் நேராகி, பிறகு எதிர்த்திசையில் 5.3 பாகை வரை போகும். நெடுஞ்சாலையில் யாரும் ஸ்டீயரிங்கை அரைச்சுற்று திருப்புவதில்லை, கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் முழுச்சுற்று திருப்புகிறார்கள் என்ற எளிய உண்மையை நம்பி உருவான ஏற்பாடு அது. திருப்பு வட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

மிகத் தெளிவான ஆதாயம் நீளமான வண்டியில்தான் கிடைத்தது. 2002 முதல் 2005 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்-அப் வண்டிகளில் கொடுத்த குவாட்ராஸ்டியர் அமைப்பில் பின் சக்கரங்கள் 12 பாகை வரை திரும்பின. 47.3 அடியாக இருந்த திருப்பு வட்டம் 37.4 அடியாகச் சுருங்கியது. ஆனாலும் விலை கூடியதால் வாங்கியவர்கள் குறைவு. நான்காண்டுகளில் அது நிறுத்தப்பட்டது.

ஒரகடம்

ஹைகாஸைக் கொண்டுவந்த நிஸானும், 2008-இல் லகூனா காரில் நான்கு சக்கரத் திருப்பலை விற்பனைக்குக் கொண்டுவந்த ரெனோவும் சேர்ந்து 2010 மார்ச்சில் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தன. ஆனால் அங்கிருந்து வெளிவந்த மைக்ரா, டஸ்டர், குவிட், டிரைபர், மேக்னைட் எதிலும் பின் சக்கரம் திரும்புவதில்லை. காரணம் எளிது. அவை குட்டையானவை. கூடுதலாக ஒரு ஸ்டீயரிங் பெட்டி, மோட்டார், சென்சார்கள், அவற்றுக்கான பராமரிப்பு ஆகிய செலவை, கிடைக்கும் ஓரடி இரண்டடி ஆதாயம் ஈடுசெய்வதில்லை. மறைமலை நகருக்கு அப்பால் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையின் கதை வேறு. அந்நிறுவனம் 2008-இல் தன் நீளமான 7 சீரிஸ் காரில் பின் சக்கரத் திருப்பலை அறிமுகப்படுத்தியது. அந்த வரிசைக் கார்கள் பின்னர் இந்த ஆலையிலும் பொருத்தப்பட்டன. நீளத்தால் இழந்ததை விலை கொடுத்து மீட்கும் ஏற்பாடு சொகுசுக் கார்களில் நிலைத்துவிட்டது.

சிறு கார்களுக்குத் தேவைப்படாத நுட்பம், கார்களைச் செய்யும் ஆலைக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள வயல்களிலும் அன்றாடம் ஓடுகிறது. கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரங்களால் மட்டுமே திரும்புவது. முன்னால் சுமை, பின்னால் திருப்பம். முன் சக்கரத்தை அலமாரிக்கு அருகே நிறுத்திவிட்டு, உடலைச் சுழற்றிச் செங்குத்தாக நுழைய அது உதவுகிறது. பழகாதவர் ஓட்டினால் அதன் பின்பகுதி வெளியே வீசி அடுத்த அலமாரியில் மோதும். அறுவடை எந்திரமும் அதே இனம். டிராக்டரோ தேரின் வழியைப் பின்பற்றுகிறது: அதில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள். வரப்பு ஓரத்தில் உள்பக்க மிதியை மட்டும் அழுத்தினால் அந்தச் சக்கரம் நிற்கும், மறுசக்கரம் சுற்றி வரும். முட்டுக்கட்டையின் வேலையைக் கால் செய்கிறது.

நான்கு சக்கரத் திருப்பலின் முழுப் பயனையும் தமிழ்நாட்டுச் சாலைகள் பெருஞ்சுமை டிரெய்லர்களில்தான் கண்டன. காற்றாலை இறக்கை, மின்மாற்றி, கொதிகலன் பாகம் ஆகியவற்றைச் சுமக்கும் பல அச்சு டிரெய்லரில் ஒவ்வொரு அச்சுத் தொகுதியும் ஹைட்ராலிக் விசையால் தனித்தனியே திரும்பும். முன்பாதிச் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்பாதிச் சக்கரங்கள் எதிர்ப்பக்கமும் ஒடியும். நடுவிலுள்ளவை ஏறக்குறைய நேராக நிற்கும். சாதாரண நீள லாரி மூலையில் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். சாலையோரத்தில் நிற்பவருக்கு அதனால்தான் ஆபத்து. பின் சக்கரங்களும் ஒடியும் டிரெய்லரில் அந்த வெட்டு பெருமளவு மறைகிறது.

2018 டிசம்பரில் வந்தவாசிக்கு அருகிலுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட பெருமாள் சிலை இதன் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கல், 240 சக்கர டிரெய்லர். சக்கரங்கள் திரும்பின, ஊர்களின் தெருக்கள் இடம் கொடுக்கவில்லை. வழியில் வீடுகள், கடைகளின் முகப்புகளை அகற்ற வேண்டி வந்தது. சில மணி நேரப் பயணம் 2019 ஜூனில்தான் முடிந்தது. திருப்பு வட்டம் என்பது வண்டிக்கு மட்டும் உரிய அளவல்ல. தெருவும் சேர்ந்து தீர்மானிக்கும் அளவு அது.

சிறு கார்களைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் ஹெரால்டின் பக்கமே இருக்கிறது. பின் சக்கரம் திரும்பாமல், மின்னணு எதுவும் இல்லாமல், சக்கரம் ஒடிய இடம் விட்ட ஒரு சட்டத்தால் மட்டுமே அது 25 அடிக்குள் திரும்பியது. அதற்குப் பின் வந்த மாருதி 800, நானோ, காமெட் மூன்றுமே அதைவிடக் குட்டையானவை. மூன்றுக்கும் அதைவிடப் பெரிய வட்டம் வேண்டும். அந்தக் காரைச் செய்த ஆலையின் நிலத்தில் இப்போது தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.